ஜூலிக்கு எத்தனை மார்க்

8 ஜூலை, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். அரை நாள் லீவு. ஜூலியை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். மடியில் இருந்த கட்டியை நேற்று எடுத்துவிட்டார்கள். தையல் ஒரு சாண் நீளம். எட்டு வயது நாய்க்குப் பெரிய ஆபரேஷன்தான்.

டாக்டரம்மா கொடுத்தவை: வலி மாத்திரை (காலை 1, மாலை 1, சாப்பாட்டுக்குப் பின்). வயிற்றில் சுற்றத் துணி. ஒரு தாள்.

தாள்தான் தலைவலி. தினம் இரண்டு வேளை நாயைப் பார்த்து அதன் வலிக்கு எண் போட வேண்டுமாம். வலியே இல்லையென்றால் 0. தாங்க முடியாததென்றால் 10. ஐந்தைத் தாண்டினால் உடனே போன்.

இருபத்தாறு வருஷமாக ரயில்வே வீல் ஷாப்பில் சக்கர ஆக்ஸில் அளக்கிறேன். மைக்ரோமீட்டரை வைத்தால் எவன் அளந்தாலும் ஒரே அளவு. இதில் எதை வைத்து அளப்பது? கேட்டேன். முகத்தைப் பாருங்கள், உட்காருவதைப் பாருங்கள் என்கிறார்.

மாலை: நான் 2. மனைவி செல்வி 1. மகள் நித்யா 6. ஒரே நாய், ஒரே நேரம். விளங்கினாற்போலத்தான்.

9 ஜூலை, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

காலையில் நான் போட்ட 2-ஐ நித்யா பேனாவால் அடித்துவிட்டு 7 போட்டிருக்கிறாள். பரீட்சைக்குப் படிக்கத்தான் காலேஜில் லீவு விட்டிருக்கிறார்கள். இவளோ புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு நாள் முழுக்க நாயைப் பார்க்கிறாள்.

நான் கேட்டேன்: சாயங்காலம் நான் வந்தால் ஜூலி வாசல்வரை வருகிறாள், வாலை ஆட்டுகிறாள். ஏழு வலி உள்ள நாய் நடக்குமா? செல்வி என் பக்கம். "சோறு துன்றா, வால ஆட்றா. இதுக்கு மேல இன்னா வோணும்?" அத்தோடு விட்டாளா? என் முட்டி வலி மாத்திரையில் பாதி கொடுத்துப் பார்க்கலாமா என்றாள். மனுஷ மாத்திரை நாயைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நித்யா உள்ளேயிருந்து, "நக்கோ மம்மி, நக்கோ" என்றாள். இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாமாம். அதில் செல்விக்குக் கோபம்.

நித்யா இந்தத் தெலுங்கு ஊரிலேயே வளர்ந்தவள். நான் தமிழில் கத்தினால் தெலுங்கில் பதில் சொல்வாள். "நுவ்வு லேனப்புடு சூடாலி, டாடி." நான் இல்லாதபோது பார்க்க வேண்டுமாம். நான் இல்லாதபோது நான் எப்படிப் பார்ப்பது?

சண்டை வேண்டாமென்று கடைசியில் சராசரி எடுத்தேன். 2 + 7 = 9. பாதி 4.5. ஐந்தைத் தாண்டவில்லை. போன் வேண்டாம்.

10 ஜூலை, வியாழன்

மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். அது இல்லாமல் ஸ்கேல் படிக்க முடியாது. பதினோரு மணிக்கு அவுட்பாஸ் வாங்கித் திரும்பினேன். முன்தெருவில் பைப்புக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரே சேறு. பின்பக்கச் சந்து வழியாக வந்தேன்.

ஜன்னலில் பார்த்தேன். ஜூலி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முதுகு வளைந்திருந்தது. உட்காரப் பார்க்கிறாள், பாதி வரை இறங்குகிறாள், முடியவில்லை, மறுபடி நிற்கிறாள். பின்னங்கால் இரண்டும் நடுக்கம். நித்யா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் தாடையைக் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள்.

வாட்ச் பார்த்தேன். பதினோரு நிமிஷம். படுக்கவே இல்லை.

எனக்கு இருமல் வந்தது. அவ்வளவுதான், காது நிமிர்ந்தது. திரும்பினாள். வாலை ஆட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்து வந்தாள். அதைப் பார்த்துத்தான் இரண்டு நாளாக 2 போட்டிருக்கிறேன்.

நானே போன் செய்தேன். நேற்றே ஏன் கூப்பிடவில்லை என்று டாக்டரம்மா கேட்டார். சராசரி எடுத்தேன் என்றேன். உடனே கொண்டுவரச் சொன்னார்.

ஓர் ஊசி. கூட இன்னொரு மாத்திரை, மூன்று வேளை. இனி நாள் முழுக்க நாயோடு இருப்பவர்தான் எண் போட வேண்டும் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நித்யா ஜூலியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சொன்னேனில்லையா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை. "எனக்குத் தெரியலம்மா" என்றேன். அவள் ஜூலியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவ உனக்காகத்தான் எழுந்திருக்குறா, டாடி."

தமிழில்தான் சொன்னாள்.

11 ஜூலை, வெள்ளி

காலை நித்யா 5, மாலை 4. நான் போடவில்லை. மாத்திரையை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தால் ஜூலி வெல்லத்தை மட்டும் தின்றுவிட்டுத் துப்புகிறாள். மூன்று தடவை. செல்வி வாயைப் பிடித்துக்கொள்ள, நான் தொண்டையில் தள்ளினேன். விரலெல்லாம் எச்சில்.

ஷாப்பில் ஓர் ஆக்ஸிலைத் தப்பாகக் குறித்து, திரும்ப அளந்தேன். மனசு அங்கே இல்லை.

12 ஜூலை, சனி

வெயில். துவைத்ததெல்லாம் காய்ந்தது.

காலை நித்யா 2.

நாலரைக்கு வந்தேன். ஜூலி ஃபேனுக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்திருந்தாள், நான்கு காலையும் நீட்டி. வந்தது நான்தான் என்று தெரிந்தது. ஒரு கண்ணை லேசாகத் திறந்தாள். வால் நுனி ஒரு தடவை தரையில் தட்டியது. மூடிக்கொண்டாள்.

எழுந்திருக்கவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவை.

செல்வி சமையலறையிலிருந்து ஏதோ சத்தமாகக் கேட்க வந்தாள். கையைக் காட்டி நிறுத்தினேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரோரமாகவே உள்ளே போனேன்.