இன்று உங்கள் போன் கத்தும்

என்னங்க,

அக்காவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறேன். சாயங்காலம்தான் வருவேன். சாப்பாடு அடுப்பு மேலே இருக்கிறது. மாமாவுக்குக் குழைய வடித்தது சின்னப் பாத்திரத்தில்.

மாமாவின் டயப்பரில் ஒட்டுகிற கருவியை உங்கள் போனோடு இணைத்துவிட்டேன். நனைந்தால் இன்று கத்தப்போவது உங்கள் போன்தான். "இனிமே எல்லாத்தையும் மெஷினே பாத்துக்கும்" என்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் பெருமையடித்தீர்களே, அது பார்த்துக்கொள்வது உண்மைதான். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடும்.

கருவியைக் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் நனைந்திருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்க்கும்போது மாமா கண்ணை இறுக மூடிக்கொள்வார். இப்போது அந்தச் சங்கடம் இல்லை. இடுப்புப் புண்ணும் ஆறிவிட்டது.

போன் கத்தியதும் தீயணைக்கப் போகிற மாதிரி ஓடாதீர்கள். மெதுவாகப் போய், "டீ போடட்டுமா?" என்று கேளுங்கள். "முதல்ல இதை மாத்திவிடு" என்று அவரே சொல்வார். அவராகச் சொன்னதாகவே இருக்கட்டும்.

புது டயப்பரும் கையுறையும் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. எங்கே என்று கேட்டு எனக்குப் போன் போடவேண்டாம். நேற்று ராத்திரி என் போன் கத்தியபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டீர்களே, அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பி.கு.: "சின்ன வயசுல அவனுக்கு நான் ஒரு நாளும் கால் கழுவி விட்டதில்லையேம்மா, அவன் எனக்கு எப்படிச் செய்வான்?" என்று மாமா காலையில் கேட்டார். "நல்லாவே செய்வாரு மாமா" என்று கூசாமல் சொல்லிவிட்டேன். நான் வருவதற்குள் அதை உண்மையாக்கிவிடுங்கள்.