உறையில் வைக்காத பத்திரம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்பு மகன் செல்வாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீ சுகமா என்பதை, அம்மா உன்னோடு போனில் பேசும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். என்னோடு நீ பேசுவதை நிறுத்தியதிலிருந்து எனக்கு அதுதான் வழி, அதில் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. கூரியர் உறையைப் பிரித்ததும் உன் வக்கீல் கேட்ட பிரமாணப் பத்திரத்தைத்தான் தேடியிருப்பாய். அது இதில் இல்லை. நானும் மருமகள் இளமதியும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரையும் வாங்கியாகிவிட்டது, பீரோவில்தான் இருக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் வீசினாலும் கொஞ்ச நேரத்தில் எடுத்துப் படிப்பாய், பெற்றவனுக்கு அது தெரியாதா.

முதலில் வீட்டு விஷயம். ஆடி பிறந்தும் இங்கே வெயில் குறையவில்லை, கெடிலம் ஆற்றில் மணல்தான் ஓடுகிறது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி, டாக்டர் காலையில் நடக்கச் சொன்னார், அவள் தனக்குப் பதிலாக என்னைக் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் நடக்க வைக்கிறாள். புவனகிரி மாமா மகள் காயத்ரிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். பத்திரிகை வைக்க வந்த மாமா காபியைக் கையில் வாங்கியதுமே, இன்னுமா மச்சான் மருமவ பொண்ணுக்கு விசா வரல, அந்த ஆபீசுல நமக்கு யாருமே இல்லயா என்று கேட்டார். கனடாவில் நமக்கு யார் இருக்கிறார்கள், நீதான் இருக்கிறாய் என்றேன். அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கேள்வி என் காதில் மாதத்தில் ஒருமுறை விழுகிறது. சிதம்பரத்தில் பிறந்த வீட்டில் இருக்கும் அந்தப் பெண் காதில் தினமும் விழுந்திருக்கிறது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

கல்யாணம் முடிந்து உன்னை மீனம்பாக்கத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, மழைக்காலம் முடிவதற்குள் இளமதியும் எட்மன்டன் வந்து சேர்ந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டோம். அதை நம்பி அவளுடைய ஸ்கூல் வேலையை விடச் சொன்னதும் நான்தான். புது வருஷம் தொடங்கப் போகிறது, நடுவில் விட்டுப் போனால் பிள்ளைகளுக்குக் கஷ்டம், அது நியாயமில்லையம்மா என்று பெரிய தர்மவான் மாதிரி பேசினேன். அவள் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டாள். கணக்கு டீச்சராக நல்ல பெயர் அவளுக்கு. அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்து, அந்தப் பிள்ளைகளும் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள், இவள்தான் போகவேண்டிய இடத்துக்கும் போகாமல் இருந்த இடத்திலும் இல்லாமல் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். வேலையாவது இருந்திருந்தால் பகல் பொழுது கழிந்திருக்கும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கனடா விசா ஆபீசுக்கு நான் அனுப்பிய அந்த மனு விஷயத்தில் நீ கேட்ட கேள்வி நியாயம்தான், யார் உங்கள எழுதச் சொன்னது, நான் என்ன சின்னப் பையனா என்று கேட்டாய். அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன் நான். தானே புயலில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்தபோது நீ ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தாய், நான் வீட்டுக்கே வராமல் லைனில் கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஆபீஸ் வாசலில் ஊரே நிற்கும். எங்க தெருவுல கரண்ட் இல்ல சார் என்று சொன்னவனுக்கு, வரும் போ என்பேன். வூட்டுல பிரசவ கேஸ் சார், பெரியவருக்கு இழுத்துக்கிட்டு இருக்கு சார் என்று சொன்னவன் தெருவுக்கு முதலில் ஆளை அனுப்புவேன். போய்ப் பார்த்தால் பிரசவமும் இருக்காது, பெரியவர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அடுத்த தடவையும் அப்படிச் சொன்னவனுக்குத்தான் அனுப்புவேன், ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது. ஆக, காரியம் சீக்கிரம் நடக்க வேண்டுமென்றால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்ல வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தப் புத்தியோடுதான் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதும் கோவிந்தசாமியிடம் போய் நின்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை நாளாகிவிட்டது, பிள்ளை அங்கே, மருமகள் இங்கே, கொஞ்சம் சீக்கிரம் முடித்துத் தரும்படி மரியாதையாக எழுது என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்டி எழுதுனா கட்டோட கட்டா தூக்கிப் போட்டுடுவான் தேவநாதா, மனுன்னா படிக்கிறவன் நெஞ்சு பதறணும் என்றார். அவரே எழுதினார். மருமகள் பிரிவின் காரணமாகக் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகி, உணவும் உறக்கமும் இன்றி, உயிருக்கே ஆபத்தான நிலையில் இருக்கிறாள் என்று எழுதியதைப் படிக்கக் கொடுத்தார். இது கொஞ்சம் ஜாஸ்தி இல்லையா என்று கேட்டேன். ஜாஸ்தியா இருந்தாத்தான் நடக்கும் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் சென்டரில் இங்கிலீஷில் அடித்துத் தபாலிலும் ஈமெயிலிலும் அனுப்பிவிட்டு, உன் அம்மாவுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன் என்றால் என் புத்தியை நீயே பார்த்துக்கொள்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அவர்கள் தூக்கிப் போடவில்லை, ஒவ்வொரு எழுத்தையும் நம்பிப் படித்திருக்கிறார்கள். மெடிக்கல் செக்கப்பில் எல்லாம் சரி என்று இருக்கிறது, மாமனார் இப்படி எழுதியிருக்கிறார், எது உண்மை, மனநல டாக்டரிடம் காட்டி ரிப்போர்ட் அனுப்பு என்று கேட்டு ஃபைலை நிறுத்திவிட்டார்கள். முடியப்போகிற கேஸ் என்று உன் வக்கீல் சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான். என்னைத் திட்டியதற்கு நீ வருத்தப்பட வேண்டாம், உன் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். ரிப்போர்ட்டுக்குப் போனால் இழுக்கும், அதைவிட தெரியாமல் மிகைப்படுத்தி எழுதிவிட்டேன் என்று நானும், எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அவளும் பிரமாணம் செய்து கொடுத்தால் நகர்ந்துவிடும் என்று வக்கீல் சொன்னதாக அம்மாவிடம் சொன்னாய். சரி, என் பொய்யை நானே ஒத்துக்கொள்வதில் எனக்கு என்ன மானக்கேடு என்று போன புதன்கிழமை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

கோர்ட்டுப் பக்கத்தில் ஒரு வக்கீல் வீட்டிலேயே நோட்டரி வேலை முடிந்தது. நான் பூரண உடல்நலத்துடனும் மனநலத்துடனும் இருக்கிறேன் என்ற இடத்தில் இளமதி கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடி அவரிடம் கொடுத்தாள். வீட்டில் விடுவதற்கு முன்னால் ஏதாவது சாப்பிடட்டும் என்று கீழவீதி ஓட்டலுக்குக் கூட்டிப் போனேன். இட்லியும் கொத்சும் வந்தது. நான் பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் அவள் இலையில் வைத்தது வைத்தபடி இருக்கிறது. சாப்பிடும்மா, இனிமே எல்லாம் சீக்கிரம் முடிஞ்சுடும், மாமா செஞ்ச கிறுக்குத்தனத்துக்கு மன்னிச்சுக்க என்றேன். அவள் இலையைப் பார்த்துக்கொண்டே, நீங்க எழுதுனது பொய் இல்ல மாமா என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. என்னம்மா சொல்ற என்றேன். தூக்கம் வந்து ரொம்ப நாளாச்சு மாமா, சாப்பாடு உள்ள எறங்கல, தெருவுல யாராவது வந்தா உள்ள போயிடுறேன் என்றாள். அந்த மனுவின் நகலை நீ அவளுக்கு அனுப்பி, பாரு எங்கப்பா என்ன பண்ணி வச்சிருக்காருன்னு என்று திட்டியிருந்தாய் அல்லவா. அத படிச்சேன் மாமா, உயிருக்கு ஆபத்துன்னு போட்டிருந்துச்சு, நான் மனசுல நெனச்சுக்கிட்டிருக்கறது மாமாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு பயந்துட்டேன் என்றாள். எங்கம்மாவுக்குக் கூட தெரியாது, அவர்கிட்ட சொல்லிடாதீங்க, அங்க தனியா இருக்காரு, ஃபைலும் மறுபடி நின்னுடும், அதான் கையெழுத்து போட்டுட்டேன்ல என்றாள். சரிம்மா என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுதுகிறேன். வாக்குத் தவறினவன் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளட்டும்.

அன்றே அவளைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று சம்பந்தியிடம் சொல்லி மஞ்சக்குப்பத்துக்கு அழைத்து வந்துவிட்டேன். பொய் சொல்லாமல் எனக்கு ஒரு காரியமும் நடக்காது போலிருக்கிறது. உன் அம்மாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அவள் தன் பாயை எடுத்துக்கொண்டு போய் இளமதி பக்கத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் இங்கே மனநலம் பார்க்கும் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். நேரத்தோடு கூட்டிக்கிட்டு வந்தீங்க, சரியாயிடும், கொஞ்ச நாளைக்குத் தனியா மட்டும் விடாதீங்க என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரம் ஒருமுறை பேச வரச் சொல்லியிருக்கிறார். நேற்று இரவு தூங்கினாள் என்று அம்மா சொன்னாள். காலையில் ஒரு தோசை சாப்பிட்டாள், நானும் அதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனித் திருமஞ்சனத் திருவிழாவில் தேர் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபோது அவள் தலைவலி என்று வெளியே வராமல் படுத்திருந்தாள், நான் அங்கேதான் இருந்தேன், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மோர் குடித்துவிட்டு வந்தேன். எத்தனையோ வீட்டில் ஃபியூஸ் போனதை வாசலில் நின்றே சொன்னவன், நம் வீட்டுப் பெண் முகத்தைப் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இப்போது அந்தப் பத்திரத்தை எப்படி அனுப்புவேன். முன்னே பொய் என்று நினைத்து உண்மையை எழுதினேன். இப்போது தெரிந்தே பொய்யில் அவளைச் சத்தியம் செய்ய வைத்து அனுப்ப என்னால் முடியாது. அந்த ஆபீஸ் கேட்ட ரிப்போர்ட்டை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுக்க இந்த டாக்டர் தயாராக இருக்கிறார். அதை அனுப்பினால் இன்னும் எத்தனை நாள் இழுக்குமோ எனக்குத் தெரியாது, வக்கீலைக் கேள். நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள், பெரிய மனுஷன் என்று நடுவில் நான் வரமாட்டேன். ஆனால் ஒன்று, முடிந்தால் லீவு போட்டுவிட்டு நீ ஒரு தடவை வா. விசா வரட்டும், ஒரேயடியாகக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீ இருந்துவிட்டாய், அதையும் உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அவளை அங்கே அனுப்பத்தான் இத்தனை நாள் எல்லோரும் ஓடினோம், உன்னை இங்கே வரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. உனக்கு வர எந்த விசாவும் வேண்டாமே தம்பி.

குளிரோ வெயிலோ, வேளைக்குச் சாப்பிடு, பழைய சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்து நாள் கணக்கில் சூடு பண்ணித் தின்னாதே என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். தேவநாதப் பெருமாள் உங்கள் இருவரையும் ஒரே வீட்டில் நல்லபடியாக வைக்கட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் இளமதியைக் கூப்பிடு. ஃபைல் எந்த நிலையில் இருக்கிறது, வக்கீல் என்ன சொன்னார் என்று ஆரம்பிக்காதே. தூங்கினாயா என்று கேள். நான் தினமும் கேட்கிறேன், தூங்கினேன் மாமா என்கிறாள். எனக்கு அப்படித்தான் சொல்லுவாள். உனக்கு உண்மையைச் சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
தேவநாதன்