முக்காலி ஏறிய பெட்டி

புரட்டாசி 13, திங்கள்

வெயில். தூறல் வரும் என்றார்கள், வரவில்லை.

நெடிய யோசனைக்குப் பின் இன்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது: கம்ப்யூட்டர் பெட்டி இனித் தரையில் இராது, முக்காலிமேல் இருக்கும். தரைத் தூசியால்தான் சூடாகி நடுப்பகலில் நின்றுபோகிறது என்பது காந்திபுரம் மெக்கானிக் பிரகாஷின் கருத்து. சமையலறை முக்காலி கையகப்படுத்தப்பட்டது. மனைவி அம்சவேணியுடன் இழப்பீட்டுப் பேச்சு நடக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது மஞ்சள் வியாபார மென்பொருள். முன்பேரச் சந்தையில் தானே வாங்கும். விலை சரிந்தால் தானே விற்றுவிடும். உரிமம் இந்த ஒரு பெட்டிக்கு மட்டும். இப்போது வாங்கி வைத்திருக்கிறது. அன்னூர்த் தோட்டத்தில் போர்வெல் போட வைத்த பணம் முழுக்க அதில். என் கையை நான் நம்பாததால், கைபேசியிலிருந்த செயலியைப் போன மாதமே நீக்கியாயிற்று. கடவுச்சொல்லும் மென்பொருளுக்குள்தான்.

அன்னூரிலிருந்து மச்சான் போன். "சனிக்கெழம போர் வண்டி வருதுங்க மாப்ளே. தென்னம்புள்ளைக பூராம் உங்களத்தான் பாத்துட்டு நிக்குது." வெள்ளிக்கிழமை பணத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

வாங்க: பொரி, கடலை, செவ்வந்தி.

15, புதன். ஆயுத பூஜை

நமக்கு லீவு, சந்தைக்கு இல்லை. அவர்களுக்கு நாளைக்குத்தான். இதை அம்சவேணிக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

குளித்துவிட்டு வந்தால் பெட்டி அணைந்திருந்தது. மேலெல்லாம் மஞ்சள், குங்குமம், தலையில் செவ்வந்தி. அரிவாள்மனை, ஸ்கூட்டர் சாவி, அதற்கு அடுத்து அது.

"போன வருசம் இதுக்குப் பொட்டு வெக்கலியே?"

"அப்பக் காலடீல கெடந்துச்சுங்க. காலடீல கெடக்கறதுக்கு எப்படிங்க பொட்டு வெக்கறது? நீங்கதான இப்ப முக்காலி குடுத்து உக்கார வெச்சீங்க."

"ஒரு நிமிசம் போட்டுக்கறேன் அம்மணி."

"பூசைக்கு வெச்சத நாளைக்குத்தான் எடுக்கோணும். வருசம் பூராம் சம்பாரிச்சுக் குடுக்குதுன்னு சொல்றீங்க, ஒரு நா லீவு வேண்டாமுங்களா அதுக்கு?"

வருடம் பூராவும் சம்பாதிப்பதாகச் சொன்னது நான்தான்.

அவர்களையே விற்கச் சொல்லலாமென்று தரகர் அலுவலகத்துக்குப் போன். எடுத்த பெண்: "சிஸ்டமெல்லாம் பூசையில இருக்குதுங்க சார். பொரி சாப்புட வாங்க."

போனேன். பொரி நன்றாக இருந்தது. அங்கே சுவரிலிருந்த டிவியில் மஞ்சள் சரிந்துகொண்டிருந்தது.

16, வியாழன். விஜயதசமி

சந்தை விடுமுறை. நல்ல நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. ஒன்றுமில்லை.

அம்சவேணி: "மஞ்சத்தண்ணி தெளிச்சேனுங்க. வேற ஒண்ணும் பண்ணுல."

பிரகாஷ் வந்து திறந்து பார்த்தான். "ஏனுங்ணா, அபிசேகமே பண்ணிப்போட்டீங்களா? மதர்போர்டு போச்சுங்ணா." மஞ்சள் வியாபாரம் செய்யும் பெட்டிக்குள் மஞ்சள் இறங்கியிருந்தது. சுத்தமான ஈரோட்டு மஞ்சள், நிறம் பிரமாதம்.

மாலை புது மதர்போர்டு. பெட்டிக்கு உயிர் வந்தது. மென்பொருள் என்னை மரியாதையாக வரவேற்று, இது உரிமம் பெற்ற கணினி அல்ல என்றது.

17, வெள்ளி

சந்தை திறந்தது. மஞ்சள் இன்னும் கீழே. மென்பொருள் கம்பெனிக்குப் போன்.

"பழைய மிஷின்ல லைசென்ஸை ரிலீஸ் பண்ணிட்டு, புதுசுல போடுங்க சார்."

"பழசு செத்துப்போச்சுங்க."

"ஒருவாட்டி மட்டும் ஆன் பண்ணி, ரிலீஸ் குடுத்துட்டு ஆஃப் பண்ணிடுங்க சார்."

இறந்தவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். முடியாவிட்டால் மின்னஞ்சல். திங்கட்கிழமை பார்ப்பார்களாம்.

ஸ்கூட்டரில் தரகர் அலுவலகம். அதே பெண். "உங்குளுத வித்தாச்சுங்களே சார். வெல எறங்குனதுல நீங்க கட்டுன மார்ஜின் பணம் பத்துலீங்க. காலைல எங்க சிஸ்டமே வித்துருச்சு." அவர்கள் கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்திருந்தது. தண்ணீர் தெளிக்கவில்லை போல.

மிச்சத்தைச் சொன்னாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அதே எண்ணைத்தான் சொன்னாள்.

மச்சானுக்குப் போன் செய்தேன். "சரிங்க மாப்ளே" என்றார்.

முக்காலி சமையலறைக்குத் திரும்பியது.

18, சனி

லேசான தூறல். போர் வண்டி அன்னூர் வந்து, பக்கத்துத் தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனது. தண்ணீர் நன்றாக வந்ததாம்.