கடைத் தராசில் ஏறிய பிள்ளைகள்

என் அருமை துரைக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீ சௌக்கியமா என்று கேட்க மாட்டேன், கழுத்தில் விசிலும் கையில் பழச்சாறுமாக நீ அனுப்பின போட்டோவே சொல்கிறது. என் எழுத்தில் பிழை இருந்தால் அப்படியே படி, நீ ஆட்களைத் திருத்தினது போதும்.

உன் தங்கச்சி பள்ளிக்கூடம் போய்ப் பதினோரு நாள் ஆகிறது, காரணம் நீதான் ராசா. பள்ளிக்கூடத்தில் எடை பார்த்து அட்டை கொடுத்தார்கள், அவளுக்கு அறுபத்தெட்டு என்று எழுதிச் சிவப்பு வட்டம். அண்ணன்தானே என்று நம்பி உனக்குப் போட்டோ அனுப்பினாள், நீ என்ன எழுதினாய், ட்ரம்மு, வாயைக் கட்டு, தினம் கிரவுண்டில் பத்து ரவுண்டு ஓடு என்று. பதின்மூன்று வயசுப் பிள்ளை. ட்ரம்மு எங்கேயும் உருளாது அம்மா என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். மகராசனே, எங்கே ஓடுவது? நீ விசில் ஊதுகிற பெரிய பள்ளிக்கூடத்தில் நீச்சல் குளமே இரண்டு. இங்கே நான் நேரில் போய்ப் பார்த்தேன், மைதானம் முழுக்க உடைந்த பெஞ்சும் துருப்பிடித்த பீரோவும், ஒரு கோழி ஓட இடமில்லை. விளையாட்டு டீச்சர் மாற்றலாகி மூன்று வருஷம், அந்தப் பீரியடில் கணக்கு நடக்கிறது. குழாயைத் திறந்தால் காற்று வருகிறது, கேட்டுக்கு எதிர்க்கடையில் கலர் சோடாவும் கிரீம் பன்னும் வருகிறது. நான் வேலை முடிந்து வர ஆறு மணி, அதுவரை பசிக்கிற பிள்ளை பன்னைத் தின்னாமல் பெஞ்சையா தின்னும்? அவள் வகுப்பில் பாதிப் பேருக்குச் சிவப்பு வட்டம், அத்தனை வீட்டிலுமா வாய் நீளம்?

தலைமையாசிரியை அம்மாவிடம் சண்டைக்கே போனேன். மேலிடத்து அனுமதி இல்லாமல் ஓர் ஆணியைக்கூட வெளியே எடுக்க முடியாது என்று கையைப் பிசைந்தார். வெளியே எடுக்கத்தானே முடியாது, நகர்த்தலாமா என்றேன், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைத் தள்ளுவண்டியோடு நானும் சிவப்பு வட்டத்து அம்மாக்கள் ஆறு பேரும் போய் எல்லாவற்றையும் பின்சுவர் ஓரம் அடுக்கிவிட்டோம். பழைய சாமான் கடையில் பதினாறு வருஷம் குப்பை கொட்டினது வீண் போகவில்லை. ஆனால் இவள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள், நீ சொன்னதுதான் காதில் நிற்கிறது. ஆகையால் மரியாதையாகப் போன் போட்டு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள். கூட ஓர் உபதேசம் வந்ததோ, எட்டாம் வகுப்பு வரை உனக்கு இதே பள்ளிக்கூடத்தில் என்ன பேர் என்று உன் நீச்சல் குளத்துப் பிள்ளைகளுக்குக் கடிதம் போடுவேன், அண்டா. நீ இளைத்தது உன் சாமர்த்தியம் இல்லை. அப்போது அந்த மைதானம் காலியாக இருந்தது.

இன்னொன்று, மனசோடு வை. பள்ளிக்கூடத்தில் எடை மெஷின் இல்லை என்று எங்கள் கடையில் மூட்டை நிறுக்கிற தராசைத்தான் இரவல் வாங்கிப் போனார்கள். எங்கள் முதலாளி ஊராரிடம் பழசை வாங்கும்போது எப்படி நிறுப்பார் என்று உனக்குத் தெரியாதா, அது நாலு கிலோ குறைத்துத்தான் காட்டும். வட்டம் விழாத பிள்ளைகளுக்கும் விழ வேண்டியதுதான். இவளுக்குத் தெரிவதற்குள் இவள் ஓட ஆரம்பித்துவிட வேண்டும், அதனால்தான் அவசரம்.

நோய்நொடி இல்லாமல் இரு, வாய் மட்டும் கொஞ்சம் இளைக்கட்டும். திங்கட்கிழமை காலை ஏழரைக்குள் போன் வரணும், எட்டுக்கு மணி அடித்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் எடை பார்க்காமல் இடுப்பில் தூக்கின அம்மா