பத்தொன்பதாம் அத்தியாயம்

கடிதம் எண்: 114
மயிலாப்பூர்
03.06.2024, திங்கட்கிழமை, காலை 10.20

அன்புள்ள நண்பர் அன்வர் பாஷா அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். நாவலின் முதல் பதினெட்டு அத்தியாயங்களை அனுப்பியுள்ளேன். வழக்கம்போல், கடைசி அத்தியாயத்தைப் படிக்காமலே பிளேடால் பிரித்து, உறையிலிட்டு ஒட்டி, என்னிடம் வைத்துள்ளேன். முடிவு இன்னதென்று இருவரும் தனித்தனியே எழுதிக் கையொப்பமிட்ட பிறகே உறை பிரிக்கப்படும். பிறகு தாங்கள் அதை நூலோடு சேர்த்துத் தைத்துவிடலாம்.

என் கணிப்பு தயார். அண்ணனோடு சண்டையிட்டு வீட்டைவிட்டுப் போன சந்திரிகா திரும்ப மாட்டாள். சொன்ன சொல்லை ஓரிடத்திலும் மாற்றாதவள் அவள்.

சென்ற வாரம் வந்தபோது தங்கள் குடையை மறுபடியும் இங்கேயே விட்டுவிட்டீர்கள்.

தங்கள்,
ப. தங்கவேல்

திருவான்மியூர்
8.6.24

பிழை திருத்தும் பெருமானே,

சலாம். அச்சகத்தில் ஒன்றாக இருந்த காலமெல்லாம் என் புத்தகத் தையலைக் குறை சொன்னீர்கள். இப்போது சந்திரிகாவையா? போகும்போது அவள் கதவுக்குப் பின்னால் குடையை மாட்டிவிட்டுப் போனாளே, கவனித்தீர்களா? குடையை விட்டுப் போகிறவள் திரும்பி வருகிறவள். எழுத்துப்பிழை பார்க்கிற கண்ணுக்குக் குடை எங்கே தெரியும்!

ஓர் உதவி வேண்டும். நெஞ்சில் ஏதோ அடைப்பாம். வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார்கள். பக்ரீத்துக்கு வீடு வந்துவிடுவேன். உங்கள் சேமியா பாயசம் பத்திரம். இந்தக் கடிதத்தோடு கை ஓய்ந்துவிட்டது, கணிப்பைத் தனித்தாளில் எழுதிக் கையொப்பமிட முடியவில்லை. இந்த ஒரு தடவை விட்டுக்கொடுத்து அத்தியாயத்தை அனுப்பிவையுங்கள். படுக்கையில் படிக்கிறேன்.

"இன்னா அத்தா, அந்த மாமா போட்டோ புடிச்சு போன்ல அனுப்பினா இன்னா கொறஞ்சிடுவாராம்?" என்கிறாள் என் மகள் ஜுவேரியா.

"போம்மா, அவரு பொறக்கும்போதே ரூல்ஸோட பொறந்தவரு" என்றேன்.

அன்வர்

கடிதம் எண்: 115
மயிலாப்பூர்
11.06.2024, செவ்வாய்க்கிழமை, மாலை 4.45

அன்பு நண்பருக்கு,

குடை வாதம் பலவீனமானது. மறதி ஒரு சாட்சியமாகாது. விதியைத் தளர்த்த இயலவில்லை. புகைப்படம் என்ற பேச்சே வேண்டாம். மகள் எழுதட்டும், தாங்கள் கீழே ஒரு கோடாவது இழுங்கள், ஏற்கிறேன். கணிப்பு வந்த அன்றே உறையைப் பிரிப்போம்.

சிகிச்சை நல்லபடியாக முடியட்டும். வீடு திரும்பியதும் குடையை எடுத்துக்கொள்ள வாருங்கள்.

தங்கள்,
ப. தங்கவேல்

திருவான்மியூர்
24.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஜுவேரியா எழுதுவது. பக்ரீத்துக்கு முந்தின நாள் அத்தா மவுத்தாகிவிட்டார்கள், அன்றே அடக்கமும் முடிந்துவிட்டது. உங்கள் நம்பர் அத்தாவின் போனில்தான் இருந்தது. அதைத் திறக்க எங்களுக்குத் தெரியவில்லை. நேரில் வந்து சொல்லவும் மனம் வரவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில் படித்துக் காட்டினேன். சிரித்தார்கள். "எழுதிக்கோம்மா. அவ வருவா. அந்த மனுசன் ஒத்துக்க மாட்டாரு, ஆனா வருவா" என்றார்கள். எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார்கள். தபாலில் சேர்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

அத்தா சொன்னது சரிதானா, மாமா?

ஜுவேரியா

கடிதம் எண்: 116
மயிலாப்பூர்
28.06.2024, வெள்ளிக்கிழமை, காலை 10.20

அன்பு மகள் ஜுவேரியாவுக்கு,

கணிப்புத் தாள் 26ஆம் தேதி கிடைத்தது. கையொப்பம் செல்லும்.

விதிப்படி அன்றே நான் உறையைப் பிரித்திருக்க வேண்டும். மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், முடியவில்லை. உன் அத்தா படுக்கையில் படிக்கக் கேட்டது அது. மயிலாப்பூரிலிருந்து ஒரே பேருந்து. நானே கொண்டு வந்திருக்கலாம்.

உன் கேள்விக்குப் பதில்: சரி. அவள் வருவாள். பிரித்துப் பார்க்காமலே சொல்கிறேன். நீ படித்து, முடிவு வேறாக இருந்தால், எனக்கு எழுத வேண்டாம்.

தைக்க அவர் இல்லை. நாவலுக்குள் அப்படியே செருகி வைத்துவிடு, அம்மா.

இப்படிக்கு,
ப. தங்கவேல்

இணைப்பு:
1. பத்தொன்பதாம் அத்தியாயம், பக்கம் 231 முதல் 248 வரை, உறை பிரிக்கப்படவில்லை.
2. என் கணிப்பு, குறுக்கே அடித்துக் கையொப்பமிட்டுள்ளேன்.

குடை இணைக்கப்படவில்லை. அது இங்கே என் கதவுக்குப் பின்னாலேயே தொங்கட்டும்.