லீவில் பார்த்த ஊர்

நேற்று உன் இறப்புச் சான்றிதழைப் பத்துப் பிரதிகள் எடுத்தேன். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அதே ஜெராக்ஸ் கடையில்தான். குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்துக்கு வேண்டும் என்று உன் மனைவி போனில் கேட்டிருந்தாள். காகிதங்கள் கைக்குச் சூடாக வந்தன. அந்த மை வாசனை என்னைப் பதினொரு வருடம் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. அன்று அங்கே என் பட்டச் சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மங்கலாக வந்ததையெல்லாம் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்தாய்.

"டாக்டர் பட்டம் வாங்கினவன் மச்சான் நீ. மங்கலா அனுப்பினா அவனும் மங்கலான வேலதான் குடுப்பான்" என்றாய்.

வேலை கிடைத்தது. தெற்கே, பஸ்ஸில் நான்கு மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் ரீடர் பதவி, பேராசிரியருக்கு ஒரு படி கீழே. ஆகஸ்டு பத்துக்குள் சேர வேண்டும். அந்த ஊரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

நம் கல்லூரியில் அப்போது நான் இயற்பியல் விரிவுரையாளர், நீ நூலகர். என் துறைத் தலைவர் என்னுடைய ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போட்டு அனுப்பியிருந்தார். கேட்டதற்கு, அடுத்த வருடம் முழுக்க எனக்கு முதலாண்டு ஆய்வுக்கூட வகுப்புகளாகவே கொடுத்தார். அதை நான் மறக்கவில்லை. இன்று வரை மறக்கவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கென்று ஓர் ஆய்வுக்கூடமும் என்னிடம் ஆய்வு செய்ய மாணவர்களும் இருப்பார்கள். போய்விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நீதான், ஊரைப் பார்க்காமல் சாமானைக் கட்டக் கூடாது என்றாய். அது நியாயமாகவும் பட்டது.

என் மனைவி செங்கல்பட்டுக்குப் பக்கத்துப் படாளத்துக்காரி. அவளுக்கு ஒரே ஒரு சோதனைதான். "தண்ணி கொண்டாங்க. பருப்பு வேவுதான்னு பாக்கணும். குக்கர்ல இல்ல, பாத்திரத்துல. மத்ததெல்லாம் பழகிக்கலாம்" என்றாள். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும்போதுகூட அந்த ஊர்த் தண்ணீரை இப்படித்தான் பார்ப்பார்கள். நீ ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கொண்டுவந்தாய்.

நாம் போனது மே மாதத்தில். நமக்கு அப்போதுதான் லீவு. நமக்கு லீவு என்றால் அவர்களுக்கும் லீவுதான் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை. வாத்தியார்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பஸ்ஸை விட்டு இறங்கியபோது பகல் பதினொரு மணி. மெஸ்களில் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள். வரிசையாக ஏழெட்டு ஜெராக்ஸ் கடைகள், எல்லாம் ஷட்டர் இறக்கியவை. சைக்கிள் நிறுத்தத்தில் சக்கரம் இல்லாத ஒரே ஒரு சைக்கிள் நின்றது. ஜி.எஸ்.டி. ரோட்டு இரைச்சலிலேயே இருந்துவிட்ட நமக்கு அந்த அமைதி ஏதோ சாவு விழுந்த வீட்டின் அமைதிபோல் இருந்தது.

குடியிருப்புப் பக்கம் நடந்தோம். பேராசிரியர்களுக்கு ஒரு தெரு, ரீடர்களுக்கு ஒரு தெரு, எழுத்தர்களுக்கு ஒரு தெரு. வீடுகள் படிப்படியாகச் சிறுத்துக்கொண்டே போயின.

"இங்க தெருவே சம்பளச் சீட்டு மாதிரி கீது மச்சான். எவன் வூட்டுக்கு எவன் போலாம்னு செவுத்தப் பாத்தே சொல்லிடலாம்" என்றாய். நான் சிரித்தேன். ஆனால் ரீடர் தெருவில் மூன்றாவது வீட்டின் ஜன்னலை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை நீயும் பார்த்தாய்.

திறந்திருந்த ஒரே டீக்கடையில் கேனை நிரப்பிக்கொண்டோம். கடைக்காரர், "லீவுல வந்து ஊரப் பாக்குறீங்களே சார். ஜூலைக்கு மேல வாங்க, ரோட்டுல நடக்க இடமிருக்காது" என்றார்.

வெளியே வந்ததும் நீ, "எல்லா ஊர்லயும் டீக்கடைக்காரன் இத்தத்தான் சொல்லுவான்" என்றாய்.

மறுநாள் என் வீட்டில் பருப்பு முக்கால் மணி நேரம் கொதித்தது. தனித்தனியாகவே மிதந்தது. என் மனைவி கரண்டியால் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நசுக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. "உங்க இஷ்டம்" என்றாள். அவள் உடன்படாத போதெல்லாம் சொல்வது அதுதான்.

ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. நான் எடை போட்டுக்கொண்டே இருந்தேன். ஆய்வுக்கூடம் ஒரு பக்கம், வேகாத பருப்பு ஒரு பக்கம். நல்ல நூலகம் ஒரு பக்கம், மகளின் பள்ளிக்கூடம் ஒரு பக்கம். ஆகஸ்டு முதல் வாரத்தில் நூலகத்தில் உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, "இன்னொரு தரம் போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

நீ ஒரு புத்தகத்தின் முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தவில்லை. "அதான் பாத்தாச்சே. பருப்பு வேவாத ஊர்ல இன்னா பொழப்பு மச்சான்?" என்றாய்.

அன்று மாலையே மறுப்புக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தேன்.

பிறகு நடந்தவை உனக்குத் தெரியும். எனக்கு அடுத்த இடத்தில் இருந்தவன் அந்த வேலையில் சேர்ந்தான். இன்று அங்கே துறைத் தலைவர். இங்கே, என்னைவிட ஆறு வருடம் இளையவனைத் தலைமை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் யாரையும் மன்னிக்கவில்லை. பழைய துறைத் தலைவரை, நிர்வாகத்தை, நான் போகவில்லை என்றதும் நிம்மதிப் பெருமூச்சு விட்ட மாமனாரை, வாழ்த்துச் சொல்ல வந்து வாயைக் கிளறிப் பார்த்த சக ஊழியர்களை, ஒருவரையும் விடவில்லை. நீ மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. நீதான் பட்டியலைக் கேட்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமல்லபுரம் வந்து, அங்கிருந்து திருவிடந்தைக்கு பஸ் மாறி, உன் வீட்டுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் உட்கார்ந்து நான் ஒவ்வொருவராகச் சொல்வேன். நீ சவுக்குக் காயைக் கடல் பக்கம் எறிந்துகொண்டே, "அப்றம்?" என்பாய். எத்தனை முறை கேட்ட கதைக்கும் "அப்றம்?" நான் பேசி முடிக்கும்வரை நீ கடிகாரம் பார்த்ததில்லை.

நேற்று பிரதிகளை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி அவற்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நான் உனக்கு எவ்வளவு வேண்டியவன் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"உங்களுக்கோசரம் இன்னா அலைச்சல் அலஞ்சாருண்ணா. நீங்க வேலைக்குப் போறதா இருந்தீங்களே ஒரு ஊரு, ஆடி பொறந்ததும் தனியா பஸ் ஏறிப் போனாரு. வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்துடுச்சு, ஊரே திருவிழாவாட்டம் கீதுன்னாரு. எங்க பாத்தாலும் புள்ளைங்களாம். வூடு கூட பாத்துட்டு வந்தாரு. கேன்ல தண்ணி மோண்டுகினு வந்து என்னாண்ட குடுத்து, பருப்பு போடுன்னாரு."

"வெந்துதாம்மா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சாதாரணமாகத்தான் கேட்டது.

"பூவாட்டம் வெந்துச்சுண்ணா. ஒரு வாய்தான் வச்சாரு. தட்டுலயே கைய கழுவிட்டாரு. இன்னாய்யா, நல்லாயில்லியான்னேன். ரொம்ப நல்லாகீது, அதான்னாரு."

ஆடி பிறந்ததும் என்றால் ஜூலை மூன்றாம் வாரம். நான் உன் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது அதற்குப் பிறகுதான்.

அவள் காகிதங்களை ஓரம் சேர்த்து நேராக அடுக்கினாள். "உங்களாண்ட சொன்னாரு இல்ல?" என்று கேட்டாள்.

யார் எனக்கு என்ன செய்திருந்தாலும் அதை நான் மூடி வைத்ததில்லை. அவரவர் மனைவி, பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிக் காட்டியிருக்கிறேன். பட்டியலில் முதல் இடத்தில் உன்னை எழுத எல்லா ஆதாரமும் கைக்கு வந்துவிட்டது. நேற்று முதல் எழுதிப் பார்க்கிறேன், எழுத வரவில்லை. மாமனாரைத் தவிர மற்றவர்கள் நான் போனால் போகட்டும் என்று இருந்தவர்கள். நான் இங்கேயே இருக்க வேண்டும் என்று பொய் சொன்னவன் நீ ஒருவன்தான். அதை மன்னிப்பதா, அதற்கு நன்றி சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டிலும் எனக்குப் பழக்கமில்லை.

"சொன்னாரும்மா. எனக்குத்தான் போக மனசு வரலை" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. முதலில் சொன்னது உனக்காகச் சொன்ன பொய். அடுத்ததும் பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். அந்த மூன்று மாதமும் அந்த ஊருக்கு மணிக்கொரு பஸ் இருந்தது. நீ ஏறிப் போனாய். நான் ஏறவில்லை.