திரும்பி வந்த சீர்ப்பெட்டிகள்

ஜூன் 11, புதன்

பதினோரு சீர்வரிசைப் பெட்டிகளும் இன்று திரும்பி வந்துவிட்டன. வாங்கியவள் விருதுநகர் வெள்ளைத்தாய். நான் கடை போட்டிருக்கும் ஆப்பில் அவள் சொன்ன காரணம்: "சேதமடைந்த பொருள். பயன்படுத்தவில்லை."

திரும்பி வருவதைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவேண்டும் என்பது ஆப்பின் விதி. நான் போனைப் பிடித்துக்கொள்ள, என்னிடம் பெட்டி ஒட்டும் பீவி ஜான் பிரித்தாள். மூடியெல்லாம் குங்குமம். பழப்பெட்டியில் வாழைப்பழக் கறை. எதைத் திறந்தாலும் சந்தன வாசம். பயன்படுத்தவில்லையாம்!

நகைப்பெட்டியில், சாட்டின் துணி மடிப்புக்குள் ஏதோ மின்னியது. ஜிமிக்கி. தங்கம். ஒன்றே ஒன்று.

"நிச்சயதார்த்தத்துக்கு வச்சு எடுத்துட்டு நமக்கே அனுப்பியிருக்காகக்கா," என்றாள் பீவி ஜான். "தகவல் சொல்லிருவமா?"

வேண்டாம் என்றேன். தேடட்டும். தேடிக்கொண்டு இங்கே வரட்டும். விசேஷத்துக்கு வைத்தேன் என்று அவள் வாயால் சொல்லாமல் தரமாட்டேன்.

ஜூன் 12

வீடியோவோடு ஆப்பில் முறையிட்டேன். டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. "வாடிக்கையாளர் கூறிய காரணம் ஏற்கப்பட்டது. உங்கள் கோரிக்கை மூடப்பட்டது." அவளுக்கு முழுப் பணமும் போயாயிற்று. போக வரக் கூரியர் செலவு என் தலையில். கடைக்குச் சிவப்புக் குறி வேறு. அது இருக்கும்வரை தேடுகிறவர்களுக்கு என் பெட்டிகள் கடைசிப் பக்கத்தில்தான் தெரியும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரவேண்டிய நேரம் இது.

இரண்டு தரப்பையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று பி.காமில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினேன். இங்கே என்னை யார் கேட்டது? சேதம் என்றாளே, எங்கே சேதம் என்று அவளிடம் ஒரு போட்டோவாவது கேட்டார்களா?

ஜூன் 15

போன் வரவில்லை.

ஜூன் 23

இன்னும் வரவில்லை. பவுன் விற்கிற விலைக்குத் தேடாமலா இருப்பாள்? பீரோவைக் குடைந்திருப்பாள். வேலைக்காரியைச் சந்தேகப்பட்டிருப்பாள் — இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. நிற்கட்டும். முகவரி என்னிடம் இருக்கிறது. நாளைக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கொடுக்கமாட்டேன்.

சமைக்கும்போதெல்லாம் அவளிடம் என்ன கேட்பது என்று ஒத்திகை பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் அழுகிறாள்.

ஜூலை 3

"அக்கா, சீர்ப்பெட்டி வாடகைக்குக் குடுக்கீகளா?" ஒரு பெண் போனில் கேட்டாள். பெயர் கீர்த்திகா, எம். புதுப்பட்டி. விற்பனை மட்டும்தான் என்றேன்.

"அப்ப எங்க அத்தை பொய்தான் சொல்லியிருக்காக."

அத்தை என்றது வெள்ளைத்தாயை. அவள் மகன் கதிரவனுக்குப் பேசியிருக்கும் பெண் இவள். நிச்சயதார்த்தம் முடிந்து பார்த்தால் மாப்பிள்ளை வீட்டார் வைத்த ஜிமிக்கியில் ஒன்று இல்லை. பெட்டியில் பாருங்கள் என்று இவள் சொல்ல, வாடகைக்கு எடுத்தது, கொடுத்தாயிற்று என்று வெள்ளைத்தாய் வாயை அடைத்துவிட்டாள். விசேஷத்துப் போட்டோவைக் கொண்டு ஆப்பில் கடைசிப் பக்கம்வரை தேடி, என் கடையையும் நம்பரையும் கண்டுபிடித்திருக்கிறாள்.

"ஒத்த ஜிமிக்கியப் பாத்துக்கிடத் தெரியாதவ, என் வீட்டுச் சாவியவா பாத்துக்கிடப் போறான்னு சொந்தக்காரவுக அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லுறாகக்கா. எங்கப்பா அதே மாதிரி ஒண்ணு செய்யணும்னு ஆசாரி ஆசாரியா அலையுறாரு."

என் டிராயர்லதானே கெடக்கு. மூணு வாரமா. அவளைப் பழிவாங்குறேன்னு நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன், அடி எல்லாம் இந்தப் பிள்ளைக்கா விழுந்துச்சு? இது என்ன பண்ணுச்சு எனக்கு?

ஜூலை 4

கீர்த்திகா பஸ் ஏறி வந்தாள். வீடியோவைக் காட்டினேன். வேண்டுமென்றே சும்மா இருந்ததையும் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"ஒரு போன் போட்டிருக்கலாம்லக்கா."

ஜிமிக்கியை நீட்டினேன். வாங்கவில்லை.

"வீடியோவ மட்டும் அனுப்புங்க. இத அவுகளே வந்து வாங்கட்டும்."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

ஜூலை 8

வெள்ளைத்தாய் வந்துவிட்டாள். கூடவே மகன். காயவைத்த அட்டைகளுக்கு நடுவில், நாற்காலி போடாமல் நிற்கவைத்தேன். வேண்டுமென்றேதான்.

"பொருள் தவறி வந்துருச்சு தாயி," என்றாள்.

"எப்படி வந்துச்சு? பெட்டியத்தான் நீங்க பயன்படுத்தவே இல்லையே?"

"எல்லாரும் செய்யிறதுதான. ஒரு நாள் விசேஷம். ஆப்புக்காரனுக்கு என்ன நட்டம்னு நெனச்சேன்."

"அவனுக்கு ஒரு நட்டமும் இல்ல. என்கிட்டப் பிடிச்சுக்கிட்டான்."

"மெய்யாவா?" மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

பசைக் கையோடு பீவி ஜான் தலையைத் தூக்கினாள். "மருமகளையாச்சும் வச்சுக்கிருவீகளா? இல்ல, விசேஷம் முடிஞ்சதும் சேதம்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவீகளா?"

கதிரவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

நிச்சயதார்த்தத்துக்கு வைத்தோம், சேதம் எதுவும் இல்லை என்று வெள்ளைத்தாயைப் பேசவைத்துப் போனில் பதிந்துகொண்டேன். அவள் அழவில்லை. ஜிமிக்கியைக் கொடுத்தேன்.

ஜூலை 9

அந்தப் பதிவை ஆப்புக்கு அனுப்பினேன். "காரணத்தை மாற்றுவதற்கான காலம் முடிந்தது. உங்கள் கோரிக்கை மூடப்பட்டது."

செய்தவளே சொல்லியும் சிவப்புக் குறி போகவில்லை. இவர்களை யார் நிற்கவைத்துக் கேட்பது?

ஜூலை 14

ஆப்பில் இருந்த கடையை எடுத்துவிட்டேன். இனிமேல் போனில் ஆர்டர், நேரில் சரக்கு. எனக்கும் ஒரு விதி உண்டு: விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை, மாற்றித் தருவதில்லை, காரணம் கேட்பதில்லை. பில்லில் பெரிய எழுத்தில் அச்சடித்தாயிற்று.

பீவி ஜான் வாசித்துப் பார்த்தாள். "ஆப்ப விடக் கொடுமையால்ல இருக்கு."

இருக்கட்டும்.

ஆகஸ்ட் 20

கல்யாணத்துக்கு இருபத்தொரு பெட்டி. வெள்ளைத்தாயே வந்து வாங்கிப்போனாள். அந்த அக்காவிடம் காசு கொடுத்து வாங்கினால்தான் மேடை ஏறுவேன் என்றாளாம் கீர்த்திகா. பில்லில் அந்த வரியை விரல் வைத்துக் காட்டினேன். தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 28

நாளைக் காலை கல்யாணம். மதியம் வெள்ளைத்தாய் காரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெட்டி. தேங்காய் வைத்துத் தூக்கியதும் அடி கழன்றுவிட்டதாம். மற்ற இருபதையும் தூக்கிப் பார்த்தாயிற்றாம், கெட்டியாம்.

"மாத்தித் தரமாட்டீகன்னு தெரியும். பில்லுலயே போட்டிருக்கு. ஒட்டியாச்சும் குடுங்க, கூலி தாரேன்."

உங்கள் கோரிக்கை மூடப்பட்டது. நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருப்பேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கக்கூடாது. பசை காயும் முன்னே துணி போட்டு மூடியிருக்கிறோம். ஆர்டர் அவசரத்தில் நாங்கள் செய்த வேலை.

புதுப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றேன்.

"ரெண்டு வார்த்தை திட்டிட்டாச்சும் குடுங்களேன்," என்றாள்.

"எதுக்கு? இது எங்க தப்பு."

அவளால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார் ஏறும்வரை நின்று பார்த்தேன். அன்று நிற்கவைத்துக் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு சுகமாக இல்லை. இதை என்னிடமே எதற்கு மறைக்கவேண்டும்?

கார் போனபின் பீவி ஜானும் நானும் அவள் ஆர்டரோடு சேர்த்து ஒட்டிய மிச்சப் பெட்டிகளையெல்லாம் கவிழ்த்துத் தட்டினோம். நான்கில் அடி ஆடியது. அதே சரக்கில் ஆனைக்குட்டத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கும் போயிருக்கிறது. அவர்கள் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

நானே கூப்பிட்டேன்.